ரிட்டுக்ஸிமாப் ஏற்றிக்கொள்ளும் எம்.எஸ். நோயாளி ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வைகைக்கரை
செப்டம்பர் 9, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று கேட்டே ஆகவேண்டும் என்ற நிலை.

வயது 36. மதுரையில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். 2019இல் வலக்கண் பார்வை ஒரே வாரத்தில் மங்கியது. சிவப்புத் துணி செங்கல் நிறத்தில் தெரிந்தது. அப்போதுதான் எம்.எஸ். (மல்ட்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். முதலில் வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி. 2022இல் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் புதிதாக மூன்று தழும்புகள் தெரியவே, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்துக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பகல் முழுக்கப் படுத்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வருகிறேன். கடைசியாக ஏப்ரல் 16. அடுத்தது அக்டோபர் 16.

சென்ற நவம்பரில் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். எனக்கும் தொற்றியது. 102 டிகிரி ஏறியதும் இரண்டு கால்களும் என் சொல்லைக் கேட்கவில்லை. முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனேன். இரண்டாம் நாள் கணவர் தூக்கிக்கொண்டு போனார். காய்ச்சல் இறங்கியதும் கால்கள் திரும்பிவிட்டன. ஆனால் பழைய தெம்பு வருவதற்குள் பொங்கல் வந்துவிட்டது. அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இன்றும் தூக்கம் போய்விடுகிறது.

இந்த முறை நரம்பியல் மருத்துவர், "டிரிப்ஸுக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரோ, "நரம்பு நோய்க்காரர்கள் தடுப்பூசிப் பக்கமே போகக்கூடாது" என்கிறார். அத்தை, அதாவது என் மாமியார், அதைக் கேட்டதிலிருந்து பயந்துபோய் இருக்கிறார்.

தடுப்பூசியால் எம்.எஸ். கிளறிவிடப்படுமா? இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது ஊசி வேலை செய்யுமா? எந்த நாளில் போடவேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிறுமலைக்காற்று
செப்டம்பர் 9, இரவு 10.15

ஆறு ஆண்டுகளாக இன்டர்ஃபெரான். ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறேன். ஒருநாள் தோள் வலிக்கும், அவ்வளவுதான். ரிட்டுக்ஸிமாப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வார்கள். நீங்கள் தனியாக இல்லை, தோழி.

ஒன்ராறியோ ஓரம்
செப்டம்பர் 10, அதிகாலை 5.20

தங்கச்சி, நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக ஓக்ரெலிசுமாப். உங்கள் ரிட்டுக்ஸிமாபுக்கு உடன்பிறப்பு மாதிரியான மருந்து. இரண்டும் சிடி20 என்ற அடையாளத்தைத் தாங்கிய பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைத் தேடி அழிப்பவை. ஆகவே என் அனுபவம் உங்களுக்கு ஓரளவு பொருந்தும்.

முதலாண்டு நான் செய்த தவறைச் சொல்கிறேன். டிரிப்ஸ் ஏற்றிய பத்தாம் நாள் மருந்தகத்தில் ஃப்ளூ ஊசி இலவசமாகப் போடுகிறார்கள் என்று கண்டு போட்டுக்கொண்டேன். அடுத்த முறை என் தாதி அதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். கெடுதல் ஒன்றும் இல்லை, பலன்தான் மிகக் குறைவாக இருந்திருக்கும் என்றார். புதிய எதிர்ப்பொருளை, அதாவது கிருமியைத் தடுக்கும் புரதத்தை, உற்பத்தி செய்யவேண்டிய பி செல்களே அப்போது இரத்தத்தில் இல்லை. மாணவர்கள் இல்லாத வகுப்பறையில் பாடம் நடத்துவது போன்றது என்று அவர் சொன்னது உங்களுக்கு, ஆசிரியைக்கு, உடனே விளங்கும்.

ஓக்ரெலிசுமாப் எடுப்பவர்களிடம் 102 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, பெயர் வெலோசே. மருந்து ஏற்றிப் பன்னிரண்டு வாரம் கழித்து ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்தார்கள். வைரஸ் வகையைப் பொறுத்து 55.6 முதல் 80 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பான அளவு எதிர்ப்பொருள் இருந்தது. மருந்து எடுக்காத அல்லது இன்டர்ஃபெரான் மட்டும் எடுத்த குழுவில் அது 75 முதல் 97 சதவீதம். குறைவுதான், ஆனால் ஒன்றுமில்லாமல் போகவில்லை. இதை நான் அச்சிட்டு வைத்திருக்கிறேன். "உனக்கு ஊசி வேலை செய்யாது, பிறகு ஏன் போடுகிறாய்" என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.

இப்போது நான் அடுத்த டிரிப்ஸுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் போட்டுக்கொள்கிறேன். அந்தக் காலத்தில்தான் முந்தைய டோஸின் பிடி சற்றுத் தளர்ந்திருக்கும், அடுத்த டோஸ் வருமுன் உடம்புக்குக் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும். உங்கள் தேதி அக்டோபர் 16 என்றால் இந்த வாரமும் அடுத்த வாரமும் உங்களுக்குரியவை. தள்ளிப்போடாதீர்கள்.

நெல்லைச்சீமை
செப்டம்பர் 10, காலை 11.05

எல்லோரும் சுலபமாகப் போடு போடு என்கிறீர்கள். என் சித்தப்பா மகளுக்கு எம்.எஸ். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தடுப்பூசி போட்டு ஒன்பதாம் நாள் இடக்கை விழுந்துவிட்டது. ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அவள் கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. கரண்டி பிடிக்கச் சிரமப்படுகிறாள். அவள் அப்பா ஊசி போட அழைத்துப்போனது தன் தவறு என்று இன்றுவரை அழுகிறார். ஆய்வு எண்களை அந்த மனிதரிடம் போய்ச் சொல்ல முடியுமா? இந்தச் சகோதரி கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள்.

ஹாரோ மருந்தாளர்
செப்டம்பர் 10, மாலை 6.30

நெல்லைச்சீமை அவர்களுக்கு முதலில். உங்கள் தங்கையின் கை சரியாகவேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். உங்கள் சித்தப்பாவின் மேல் எந்தத் தவறும் இல்லை. அதை அவரிடம் நீங்கள் சொல்வதற்காகவாவது இதை முழுதாகப் படியுங்கள். நான் இங்கிலாந்தில் மருந்தாளராக இருக்கிறேன். என் தங்கைக்கும் 2014 முதல் எம்.எஸ். இந்தக் கேள்வியை நானும் என் வீட்டுக்குள் நின்று கேட்டவன்.

2001இல் பிரான்சின் லியோன் நகரத்து நரம்பியல் மருத்துவர் கிறிஸ்தியன் கொன்ஃபாவ்ரோவும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரிலாப்ஸ், அதாவது நோயின் புதிய தாக்குதல், கண்ட 643 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ரிலாப்ஸுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் எத்தனை பேர் தடுப்பூசி போட்டிருந்தார்கள் என்று எண்ணினார்கள். 2.3 சதவீதம். அதே நோயாளிகளின் வாழ்வில் ரிலாப்ஸ் வராத காலங்களைப் பிரித்து எடுத்து அங்கேயும் எண்ணினார்கள். 2.8 முதல் 4 சதவீதம். தடுப்பூசிதான் ரிலாப்ஸைக் கிளறுகிறது என்றால் முதல் எண் பெரிதாக இருந்திருக்கவேண்டும். இல்லை. டெட்டனஸ், ஹெப்பட்டைட்டிஸ் பி, ஃப்ளூ ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்தபோதும் ஆபத்து கூடவில்லை. அதற்கு முன்பே, 1997இல், 104 நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஃப்ளூ ஊசியும் மறுபாதிக்கு வெற்று ஊசியும் போட்டு, போட்டவருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டவருக்கும் தெரியாமல் ஒப்பிட்டார்கள். அங்கேயும் ஊசி போட்டவர்களுக்கு ரிலாப்ஸ் கூடவில்லை.

இனி, என் தங்கையின் விஷயத்தில் என்னை முடிவெடுக்க வைத்த ஆய்வு. நெதர்லாந்தில் நடந்தது, 1998இல் வெளியானது. ஃப்ளூ காய்ச்சலே வந்த எம்.எஸ். நோயாளிகள் 36 பேர். ஆறு வாரத்துக்குள் அவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரிலாப்ஸ். ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்கள் 180 பேர். அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு. சிறிய ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயப்படவேண்டியது ஊசியையா காய்ச்சலையா என்பதில் எனக்கு அதற்குப் பிறகு ஐயம் இருக்கவில்லை. அமெரிக்க நரம்பியல் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும் எம்.எஸ். உள்ளவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளவேண்டும் என்றே சொல்கிறது, குறிப்பிட்ட தடை எதுவும் இல்லாதபோது. இங்கே எம்.எஸ். உள்ளவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையில் அது இலவசம்.

நூற்றில் ஐந்து பேர் என்றேன் அல்லவா? அந்த ஐந்து பேருக்கும் ஊசிக்குப் பிறகுதான் ரிலாப்ஸ் வந்தது. ஊசி போடாவிட்டாலும் எம்.எஸ். தன் போக்கில் தாக்குகிற நோய். ஆயிரக்கணக்கானோர் ஊசி போடும்போது சிலருக்கு அடுத்த பத்து நாளில் தாக்குதல் வந்தே தீரும். உங்கள் தங்கைக்கு நடந்தது எது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஊசி போடாமல் இருந்திருந்தால் கை விழுந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை மட்டும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

வைகைக்கரை அவர்களுக்கு இப்போது. ஃப்ளூ தடுப்பூசியில் இரண்டு வகை. ஒன்று தசையில் போடும் ஊசி. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. கொன்று, உடைத்து, மேலுறைப் புரதத்தைப் பிரித்தெடுத்தது. அதனால் ஃப்ளூ வர வழியே இல்லை. மற்றது மூக்கில் தெளிப்பது. அதில் வலுக்குறைத்த, ஆனால் உயிருள்ள வைரஸ். ரிட்டுக்ஸிமாப், ஓக்ரெலிசுமாப், ஃபிங்கோலிமோட், கிளாட்ரிபின் போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மூக்குத் தெளிப்பைத் தொடக்கூடாது. உங்கள் பக்கத்து மருத்துவர் சொன்னது இந்த வகையை நினைத்தா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்படியானால் அவர் பாதி சரி.

மருந்துக்கு மருந்து பலன் மாறும். இன்டர்ஃபெரான் எடுப்பவர்களுக்கு ஊசி மற்றவர்களுக்கு வேலை செய்வது போலவே செய்கிறது. டெரிஃப்ளூனோமைடு எடுப்பவர்களில் பெரும்பாலோருக்குப் போதிய எதிர்ப்பொருள் உருவாகிறது. ஃபிங்கோலிமோட், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களை நிணநீர் முடிச்சுகளுக்குள்ளேயே பூட்டி வைக்கும் மருந்து. ஓர் ஆய்வில் அதை எடுத்தவர்களில் மூன்று வாரம் கழித்து 54 சதவீதம் பேருக்குத்தான் ஊசி பலித்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 85 சதவீதம். உங்கள் ரிட்டுக்ஸிமாப் பற்றி ரொறன்ரோ அண்ணன் சொன்னது சரி. இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். முன்பே உருவான எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் சிடி20 அடையாளம் இல்லை. எனவே பழைய எதிர்ப்பொருள்களில் பெரும்பகுதி உங்களிடம் இருக்கிறது. டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களும் இருக்கின்றன, அவையும் தடுப்பூசியைக் கற்றுக்கொள்கின்றன. இரத்தத்தில் எதிர்ப்பொருளை மட்டும் அளந்து "வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடுவது முழுக் கணக்கு ஆகாது.

நெல்லைச்சீமை
செப்டம்பர் 10, இரவு 10.50

முழுதும் படித்தேன் ஐயா. சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்தும் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "அந்த ஐயாவுக்கு நன்றி சொல்லு" என்றார்.

கோபமாக எழுதியதற்கு மன்னியுங்கள். ஆனால் ஒரு கேள்வி பாக்கி. ஃப்ளூ ஊசியால் அமெரிக்காவில் ஆட்களுக்குக் கைகால் விழுந்தது, ஊசியையே நிறுத்தினார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பொய்யா?

ஹாரோ மருந்தாளர்
செப்டம்பர் 11, காலை 9.10

பொய்யில்லை. 1976இல் பன்றிக்காய்ச்சல் ஊசியை அமெரிக்காவில் ஏறத்தாழ 4.5 கோடிப் பேருக்குப் போட்டார்கள். அதில் இலட்சத்துக்கு ஒருவர் அளவில் கூடுதலாகக் கில்லன் பாரே நோய் வந்தது. திட்டத்தையும் நிறுத்தினார்கள். அது கைகால்களுக்குப் போகும் வெளி நரம்புகளைத் தாக்கும் நோய். எம்.எஸ். தாக்குவது மூளையையும் தண்டுவடத்தையும். இரண்டும் வேறு. இப்போதைய ஊசிகளில் அந்த ஆபத்து இருந்தாலும் பத்து இலட்சத்துக்கு ஒன்றிரண்டு பேர் அளவுதான். ஃப்ளூ காய்ச்சலும் அதே நோயைக் கொண்டுவரும், ஊசியைவிட அதிகமாகவே. முன்பு கில்லன் பாரே வந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

ஈரோட்டு மஞ்சள்
செப்டம்பர் 11, பிற்பகல் 2.25

நான் ஃபிங்கோலிமோட் எடுக்கிறேன், நான்கு ஆண்டுகள். 54 சதவீதம் என்று படித்ததும் ஒரு யோசனை. ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஊசி போட்டு, பிறகு மறுபடி தொடங்கினால் முழுப் பலன் கிடைக்குமே? வீட்டில் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்ராறியோ ஓரம்
செப்டம்பர் 11, பிற்பகல் 2.50

தம்பி, நிறுத்தவேண்டாம். இதை எழுதுவதற்காகவே விழித்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிங்கோலிமோட்டைத் திடீரென நிறுத்தினால் பூட்டி வைத்த செல்கள் மொத்தமாக வெளியே வந்து, முன்பிருந்ததைவிடக் கடுமையான தாக்குதல் வரக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே விட்டது. கொஞ்சநாள் விட்டு மறுபடி தொடங்குவதும் சாதாரணம் அல்ல. முதல் மாத்திரையில் ஆறு மணி நேரம் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டு உட்காரவைத்தார்களே, நினைவிருக்கிறதா? இடைவெளி அதிகமானால் மீண்டும் அதைச் செய்யவேண்டி வரும். ஒரு ஊசியின் பலனைக் கூட்டுவதற்காகக் கண்ணையும் காலையும் பணயம் வைப்பீர்களா? மாத்திரையோடேயே ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹாரோ மருந்தாளர்
செப்டம்பர் 11, மாலை 5.00

அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வைகைக்கரை அவர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். ஊசிக்காக டிரிப்ஸை உங்கள் விருப்பப்படி இரண்டு மாதம் தள்ளாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் நகர்த்தலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும்.

வைகைக்கரை
செப்டம்பர் 11, இரவு 8.45

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. இரண்டு நாளாக இந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறேன்.

அத்தையும் உட்கார்ந்து கேட்டார். ஒரே வீட்டில் இருக்கிறோம், அவருக்கு 68 வயது, சர்க்கரையும் உண்டு. அவரும் போட்டுக்கொண்டால் எனக்கும் பாதுகாப்பு என்று கணவர் சொன்னார். ஆனால் முட்டையில் தயாரிப்பது என்று எங்கோ படித்துவிட்டார். பிறந்ததிலிருந்து சைவம். அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் போட்டுவிடலாம் என்றார் கொழுந்தனார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஹாரோ மருந்தாளர்
செப்டம்பர் 11, இரவு 11.30

சொல்லாமல் போடாதீர்கள். உங்கள் மனம் சொல்வதுதான் சரி.

உள்ளதை அப்படியே சொல்லுங்கள். பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளின் வைரஸைக் கோழி முட்டைக்குள் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். பிறகு பலமுறை சுத்திகரிக்கிறார்கள். கடைசியில் மிச்சமிருப்பது முட்டைப் புரதத்தின் மிக நுண்ணிய எச்சம். முட்டையே இல்லாமல் செல்களில் வளர்த்த ஊசியும் உண்டு, இங்கே கிடைக்கிறது. மதுரையில் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் முடிவு அத்தையுடையது. அவர் வேண்டாம் என்றால் காய்ச்சல் காலத்தில் முகக்கவசமும் தனித் துண்டும் தனி டம்ளரும் இருக்கின்றன.

குடந்தைத் தந்தை
செப்டம்பர் 12, காலை 6.15

என் மகளுக்கு 24 வயது. எம்.எஸ். வந்து இரண்டு ஆண்டுகள். ஓஃபாட்டுமுமாப் என்ற மருந்தை மாதம் ஒருமுறை அவளே தொடையில் குத்திக்கொள்கிறாள். நான் ஓய்வுபெற்ற தபால்காரன், மருத்துவம் தெரியாது. வீட்டில் நான், மனைவி, மகன், மருமகள் நால்வரும் சென்ற ஆண்டிலிருந்து ஃப்ளூ ஊசி போடத் தொடங்கினோம். அவளுக்கு ஊசி பாதிதான் பலிக்கும் என்றால் மீதிப் பாதிக்கு நாங்கள் வேலியாக நிற்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரு சந்தேகம். மூத்த மகளும் பிள்ளைகளும் பர்மிங்காமிலிருந்து டிசம்பரில் வருகிறார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூக்கில் தெளிக்கிறார்களாம். உயிருள்ள வைரஸ் என்கிறீர்கள். சின்னவளிடமிருந்து அவர்களைத் தள்ளி வைக்கவேண்டுமா? பேரப்பிள்ளைகள் சித்தி மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள்.

ஹாரோ மருந்தாளர்
செப்டம்பர் 12, பிற்பகல் 1.40

தள்ளி வைக்கவேண்டாம் ஐயா. இங்குள்ள வழிகாட்டியில் அந்த எச்சரிக்கை, எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்து தனியறையில் வைக்கப்பட்டிருப்பவர் போல மிகக் கடுமையாக எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களோடு பழகுவோருக்கு. உங்கள் மகள் அந்த நிலையில் இல்லை. பிள்ளைகள் பயணத்துக்குச் சில வாரம் முன்பே போட்டிருப்பார்கள். சித்தியோடு விளையாடட்டும்.

ஒன்ராறியோ ஓரம்
செப்டம்பர் 12, இரவு 7.30

தங்கச்சி, மருத்துவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று வருந்தியிருந்தீர்கள். நான் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போவேன். கடைசி டோஸ் தேதி, அடுத்த டோஸ் தேதி, ஊசி போட நினைக்கும் தேதி, "காய்ச்சல் வந்தால் யாரை, எந்த எண்ணில் அழைக்கவேண்டும்?" தாளை மேசையில் வைத்துவிட்டால் அவசரக்காரரும் படிப்பார். நான்காவது வரியை விட்டுவிடாதீர்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். ஊசி போட்ட பிறகும் நம்மைப் போன்றவர்களுக்கு அது தேவைப்படலாம்.

இன்னொன்று. ரிலாப்ஸ் நடந்துகொண்டிருக்கும்போது ஊசி போடாமல், அது அடங்கும்வரை பொறுப்பது வழக்கம். கண்ணோ காலோ புதிதாக ஏதாவது சொன்னால் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

வைகைக்கரை
செப்டம்பர் 18, இரவு 9.05

போட்டுவிட்டேன். செப்டம்பர் 16, டிரிப்ஸுக்குச் சரியாக முப்பது நாள் முன்னால்.

தாளை எழுதிக்கொண்டு போனேன் அண்ணா. மருத்துவர் உட்காரச் சொல்லி எட்டு நிமிடம் பேசினார். ஓசெல்டாமிவிர் சீட்டையும் எழுதிக் கையில் கொடுத்து, காய்ச்சல் வந்தால் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தொடங்கு என்றார்.

ஊசி வாங்கப் போன முதல் கடையில் பெட்டியை உறைபனி அறையிலிருந்து எடுத்தார்கள். மேலே பனித்துகள் ஒட்டியிருந்தது. இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்கவேண்டும், உறையக்கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கடையில் குளிர்பெட்டியில் வெப்பமானி தொங்கியது, ஐந்து டிகிரி காட்டியது. இந்தப் பருவத்துக்கான தயாரிப்புதானா என்றும் பார்த்து வாங்கினேன். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகைகளைச் சேர்க்கவேண்டும் என்று புதிதாகச் சொல்கிறது. சென்ற பருவத்து மிச்சத்தை விற்கவும் வாய்ப்பு உண்டு, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எனக்கு 1,800 ரூபாய் ஆயிற்று. என் சம்பளத்தில் அது சிறிய தொகை இல்லை.

அன்று இரவு 99.8 டிகிரி. இடக்காலில் அந்தப் பழைய மரமரப்பு வந்துவிட்டது. நெஞ்சு படபடத்தது, நவம்பர் நினைவு வந்தது. உடல் சூடு ஏறினால் பழைய தழும்புகள் தற்காலிகமாகப் பேசும், 1890இலேயே உஹ்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதைப் பதிவு செய்திருக்கிறார் என்று என் மருத்துவர் சொல்லியிருந்தார். பாரசிட்டமால் போட்டு மின்விசிறிக்குக் கீழே படுத்தேன். மறுநாள் மாலை மரமரப்பு போய்விட்டது. இன்று பள்ளிக்குப் போய் வந்தேன்.

அத்தை. நான் எல்லாவற்றையும், முட்டை உட்பட, சொன்னேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, "மருந்துக்குத் தோஷமில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனதை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். எனக்கு முன்னால் அவர்தான் கையை நீட்டினார்.

நெல்லைச்சீமை
செப்டம்பர் 18, இரவு 9.40

படித்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னேன், கண் கலங்கிவிட்டார். தங்கைக்கும் அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கும் நாள் இருக்கிறது. சித்தப்பா தானே கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வைகைக்கரை
டிசம்பர் 2, இரவு 8.20

நடந்ததை மறைக்காமல் எழுதவேண்டும் என்று வந்தேன். அக்டோபரில் டிரிப்ஸ் முடிந்தது. நவம்பர் மழையோடு வகுப்பில் மறுபடி காய்ச்சல். இங்கே ஃப்ளூ உச்சத்துக்கு வருவது வடகிழக்குப் பருவமழையோடுதான் போலும். 21ஆம் தேதி எனக்கும் தொண்டை கரகரத்து 100.6 ஏறியது. சோதனையில் இன்ஃப்ளூயன்ஸா ஏ.

ஊசி போட்டும் வந்துவிட்டதே என்று முதல் ஒரு மணி நேரம் அழுதேன். பிறகு மருத்துவரை அழைத்தேன். அன்று இரவே ஓசெல்டாமிவிர், ஐந்து நாள். கால்கள் தளர்ந்தன, ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நானே நடந்தேன். யாரும் தூக்கவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் இல்லை. எட்டாம் நாள் பள்ளியில் இருந்தேன். இதில் ஊசியின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சென்ற ஆண்டு பொங்கல்வரை ஆன இடத்தில் இந்த ஆண்டு எட்டு நாள். அத்தைக்கும் கணவருக்கும் ஒன்றும் வரவில்லை.

கடலூர் அலை
டிசம்பர் 3, காலை 10.10

வணக்கம் அக்கா. இந்த இழை முழுவதும் இப்போதுதான் படித்தேன். எனக்கு ஓக்ரெலிசுமாப் முதல் டோஸின் இரண்டு பாதிகளும் சென்ற மாதம் ஏற்றி முடித்தார்கள். ஊசியைப் பற்றி யாரும் முன்னால் சொல்லவில்லை. இனி ஆறு மாதம் காத்திருக்கவேண்டுமா?

ஹாரோ மருந்தாளர்
டிசம்பர் 3, பிற்பகல் 3.15

மருந்து தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது கடந்துவிட்டது. ஆனால் ஃப்ளூ காலம் நடந்துகொண்டிருக்கும்போது சரியான நாளுக்காகக் காத்திருந்து காலத்தையே தவறவிடுவது நல்லதல்ல. பலன் குறைவாக இருக்கும், கெடுதல் இல்லை. உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே போடலாமா என்று கேளுங்கள், மூக்குத் தெளிப்பு அல்ல, ஊசி. வீட்டில் எத்தனை பேர்?

கடலூர் அலை
டிசம்பர் 3, மாலை 6.00

அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள். நாளை காலை மருத்துவமனைக்கு அழைத்துக் கேட்கிறேன். நான்கு வரியையும் எழுதி வைத்துவிட்டேன்.